கண் பார்த்தால் கை செய்யுமா?

என் பேரனுக்கு ஏழு வயது முடிந்து எட்டு நடக்கிறது. சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போடுவான். ஷூ லேசை அவன் அம்மாதான் கட்டிவிட வேண்டும். தண்ணீர் டம்ளரை எடுத்தால் பாதி வாய்க்கும் பாதி மேசைக்கும் போகும். ஆனால் செஸ் ஆட உட்கார்ந்தால் என்னைத் தோற்கடித்துவிடுவான். நான்தான் விட்டுக்கொடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பள்ளியிலிருந்து புகார் மேல் புகார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம், விளையாட்டு வகுப்பில் சொல்வதைச் செய்வதில்லையாம், கவனமே இல்லையாம். மகள் அவனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினாள். கண், காது, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆக்குபேஷனல் தெரபி செய்யும் ஒரு அம்மாவிடம் அவர் அனுப்பினார். அன்று மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? லாசுப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து நான்தான் கூட்டிப் போனேன்.

சின்ன அறை. தரையில் பாய், ஒரு ஊஞ்சல், நாலைந்து பந்துகள். அந்த அம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "நான் எப்படிச் செய்யறேனோ அப்படியே நீயும் செய்யணும், சரியா?" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. டாட்டா காட்டினார், இவனும் காட்டினான். தூங்குவதுபோல் கன்னத்தில் கை வைத்தார், இவனும் வைத்தான். அப்புறம் அர்த்தம் எதுவும் இல்லாத அசைவுகள். இடது உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்து அதன் ஓரத்தில் வலது கை முட்டியை வைத்தார். இரண்டு கை விரல்களையும் கோணலாகக் கோத்து ஒரு வடிவம் செய்தார். பிள்ளை உற்றுப் பார்த்தான். கை மேலே வந்தது. பிறகு, புதிதாகக் குடி வந்தவன் இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி, விரல்கள் அங்கும் இங்கும் அலைந்தன. நாக்கு நுனி வாய் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. புருவம் சுருங்கியது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த முகத்தை நான் அறுபது வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். அது என் தம்பியின் முகம்.

நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் கையெழுத்து என்பது ஏறக்குறைய மத விஷயம். மேசையில் மைக்கூடு, அதில் ஊதா மை, கட்டையில் செருகிய இரும்பு நிப்பு. நோட்டில் எட்டு மில்லிமீட்டர் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. 'எல்' எழுத்து மூன்றாவது கோடு வரை போக வேண்டும், 'டி' இரண்டாவது கோட்டோடு நிற்க வேண்டும். இறங்கும் கோடு தடித்தும் ஏறும் கோடு மெலிந்தும் இருக்க வேண்டும். மை சொட்டிவிட்டால் அதற்குப் பெயர் 'பாத்தே'. தம்பியின் நோட்டில் பக்கத்துக்கு மூன்று பாத்தே இருக்கும். ஏறும் கோட்டில் நிப்பு காகிதத்தைக் கிழித்துவிடும். முசியே வந்து நோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிப்பார்.

அங்கே இரண்டு வசவுகள் உண்டு. ஒன்று 'கோஷ்', இன்னொன்று 'மலாத்ருவா'. இரண்டுக்கும் கை திருந்தாதவன் என்று பொருள். முதல் வார்த்தைக்கு இடது பக்கம் என்றும் பொருள். வலது கையால் எழுதியவனைத்தான் தினமும் 'இடது' என்று திட்டினார்கள். வேடிக்கைதான்.

எழுத்தைவிடக் கொடுமை உடற்பயிற்சி வகுப்பு. முசியே எங்களுக்கு எதிரே நின்று வலது கையைத் தூக்குவார். எதிரில் நிற்பவரைப் பார்த்துச் செய்யும் சின்னப் பிள்ளைகளுக்கு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது கையைத் தூக்குவதுதான் இயல்பு. அவருக்கு அது பிடிக்காது. அவர் வலது கை என்றால் நாங்களும் வலது கை. "கொம் முவா! கொம் முவா!" என்னைப் போல, என்னைப் போல என்று கத்துவார். நாங்கள் பத்து நாளில் பழகிக்கொண்டோம். தம்பி இடதைத் தூக்குவான், சுற்றிலும் பார்ப்பான், வலதுக்கு மாற்றுவான். அதற்குள் வரிசை அடுத்த அசைவுக்குப் போயிருக்கும். அவன் எப்போதும் ஒரு தாளம் பின்னால்தான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் அந்தப் பள்ளியில் பேர் போன மிமிக்ரிக்காரன். தலைமை ஆசிரியரின் இருமல், பாதிரியாரின் நடை, பால்காரர் சைக்கிளில் ஏறும் விதம் எல்லாம் ஒரு தடவை பார்த்தால் போதும், எனக்கு வந்துவிடும். உடற்பயிற்சி முசியேவுக்கும் இது தெரியும். அதனால் தம்பி ஒரு தாளம் பின்னால் கையை ஆட்டியபோது, இவனும் அண்ணனைப் போலத் தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார். காதைத் திருகி வெயிலில் சரளைக் கல் மேல் முட்டி போடவைத்தார். நான் செய்த கேலிக்குத் தண்டனையை வாங்கியவன் அவன். நான் வாயைத் திறக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் அப்பாவின் சிநேகிதர்கள் வந்து உட்கார்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் இரண்டு மூன்று பேர். "எங்கே, ஏதாவது செஞ்சு காட்டு" என்பார்கள். பாதிரியார், பால்காரர் எல்லாம் முடிந்த பிறகு, அதிகச் சிரிப்பு எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, தம்பி தண்ணீர் கொண்டுவருவதைச் செய்து காட்டுவேன். முழங்கால் மடங்காமல், தோள் ஒரு பக்கம் ஏறி, வாசற்படியில் கால் இடறி, கடைசியில் தண்ணீர் கொட்டும்வரை. திண்ணையே அதிரும். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். தம்பியும் நின்று சிரிப்பான்.

ஒரு ராத்திரி படுத்திருக்கும்போது கேட்டான்: "அண்ணே, நான் அப்படியா நடக்கிறேன்?"

"பின்னே?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒரு பழமொழிதான் வேதம். கண் பார்த்தால் கை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கண் சரியாகப் பார்க்கவில்லை, அதாவது கவனமில்லை, அதாவது திமிர். அந்தக் கணக்கில் தம்பி தினமும் அடி வாங்கினான். அந்தக் கணக்கே தப்பு என்று அந்த ஆக்குபேஷனல் தெரபி அம்மா எனக்குப் பாடம் நடத்தினார்.

பேரனை ஊஞ்சலில் விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், இவன் மத்த பசங்களைவிட நல்லாவே பார்க்கிறான். பார்த்தது கைக்குப் போய்ச் சேர்றதுலதான் சிக்கல்." ஒருவர் செய்வதைப் பார்த்து நாம் செய்வதற்கு எத்தனை வேலை இருக்கிறது என்று அவர் விளக்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதிராளியின் உடம்பு எங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை நம் உடம்பின் கணக்குக்கு மாற்ற வேண்டும். எந்தத் தசை முதலில், எது பிறகு, எவ்வளவு விசையில் என்று உத்தரவு போட வேண்டும். டாட்டா, தூக்கம் போன்ற தெரிந்த அசைவுகள் ஏற்கெனவே உள்ளே பதிந்திருப்பதால் எடுத்துப் போட்டுவிடலாம். அர்த்தமில்லாத அசைவுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அதனால்தான் இந்தச் சோதனை. பல் தேய்ப்பதுபோல் நடிக்கச் சொன்னால், பிரஷ்ஷைப் பிடித்திருக்கிற மாதிரி கையை வைக்காமல் விரலையே பிரஷ்ஷாக்கிவிடுவது மிகச் சின்னப் பிள்ளைகளின் வழக்கமாம். பேரன் இன்னும் விரலைத்தான் வைக்கிறான்.

தண்ணீர் ஏன் கொட்டுகிறது என்றும் கேட்டேன். அதற்கு அவர் ஒரு கேள்வி கேட்டார். நிறைந்திருக்கிறது என்று நினைத்து ஒரு காலிக் குடத்தைத் தூக்கினால் என்ன ஆகும்? கை ஜிவ்வென்று மேலே போகும். ஏனென்றால் குடத்தைத் தொடும் முன்பே மூளை எடையைக் கணக்குப் போட்டு விசையை அனுப்பிவிட்டது. நாம் செய்கிற ஒவ்வொரு அசைவிலும் இந்த முன்கணக்கு ஓடுகிறது, இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. நடந்தது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கணக்கில் பிசகு தெரிந்து, கை பாதி வழியில் தன்னைத் திருத்திக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முன்கணக்கு தெளிவில்லாமல் வருகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. அதனால் அவர்கள் கண் வந்து சொல்லும்வரை காத்திருக்கிறார்கள். கண் சொல்வதற்குள் தண்ணீர் மேசையில். எப்போதும் ஒரு தாளம் பின்னால்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சுருக்கி டி.சி.டி. என்றார். வளர்ச்சியில் ஏற்படும் ஒருங்கிணைப்புக் கோளாறு என்று தமிழில் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறதாம், பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகமாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்ற நினைப்பும் சரியில்லை, பாதிப் பேருக்காவது பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. என் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். அப்படியென்றால் கணக்குப்படி இன்னும் ஒருவனாவது இருந்திருக்க வேண்டும். யாராக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இரண்டு முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

படித்த மொழி விடாது. தூக்கம் வராமல் கம்ப்யூட்டரைத் திறந்து பிரெஞ்சில் தேடினேன். இத்தாலியில் பார்மா நகரத்து விஞ்ஞானிகள் 1990-களில் குரங்கு மூளையில் கண்டுபிடித்த 'கண்ணாடி நியூரான்கள்' பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. தான் ஒரு பொருளை எடுக்கும்போதும் விழிக்கிற, இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் விழிக்கிற நரம்பணுக்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதில்தான் கோளாறு என்று சிலர் எழுதுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். சண்டை முடியட்டும். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. ழான் பெர்ழெஸ், இரேன் லெசின் என்ற இருவர் பாரிசில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். பேச்சில்லாமல் கையசைவுகளைக் காட்டிச் சின்னக் குழந்தைகளைச் செய்யவைத்துப் பார்க்கும் சோதனை பற்றியது. அந்த அம்மா செய்த அதே மாதிரிச் சோதனை. வெளிவந்த ஆண்டு 1963.

1963-இல் என் தம்பிக்குப் பத்து வயது. எங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம் பாரிசில் அச்சாகிக் கப்பலில் வந்தவைதான். இலக்கணம் வந்தது, பூகோளம் வந்தது, லுவார் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று மனப்பாடம் செய்தோம். இது மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் முசியே பிரித்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

தம்பி பள்ளியைப் பாதியில் விட்டான். மனக்கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் பரீட்சை எழுத்தில்தானே. வில்லியனூரில் ஒரு நெல் மண்டியில் சேர்ந்து, பிறகு சொந்தமாகத் தானியக் கடை வைத்து, நன்றாகவே இருக்கிறான். சைக்கிள் கடைசிவரை வரவில்லை. நானோ அழகான கையெழுத்துக்காகவே அரசாங்க வேலையில் பாராட்டு வாங்கியவன். பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு நகல் எடுக்கும் வேலை முக்கால்வாசி என் தலையில்தான் விழுந்தது. முப்பத்தாறு வருஷம் பார்த்துப் பார்த்து எழுதியே பென்ஷன் வாங்கிவிட்டேன். கண் பார்த்ததைக் கை செய்தது, அவ்வளவுதான். அதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

சிகிச்சை என்றதும் மருந்து மாத்திரை என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. "உனக்கு என்ன கத்துக்கணும்?" என்று அந்த அம்மா பேரனையே கேட்டார். என் மகள் கையெழுத்து என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளை சைக்கிள் என்றான். சரி, சைக்கிள் என்றார் அவர். இது கனடாவில் உருவான ஒரு முறையாம். எது வேண்டும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும், எப்படிச் செய்யலாம் என்று பிள்ளையே யோசிக்க வேண்டும், செய்து பார்க்க வேண்டும், சரியாக வந்ததா என்று அவனே சோதிக்க வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், விடையைச் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சைக்கிளின் பெடல்களைக் கழற்றச் சொன்னார். இரண்டு பாதமும் தரையில் அழுந்துகிற அளவுக்கு சீட்டை இறக்கச் சொன்னார். முதலில் நடப்பது மாதிரி தள்ளிக்கொண்டு போக வேண்டும், பெடல் எல்லாம் பிறகு. மூன்றாவது வாரம் பேரன் ஓடிவந்து சொன்னான்: "தாத்தா, சக்கரத்தைப் பார்த்தா விழறேன். கோடி வீட்டு கேட்டைப் பார்த்தா விழல." இதை நான் சொல்லித் தந்திருந்தால் அடுத்த நாளே மறந்திருப்பான். ஷூ லேசுக்கும் ஒரு யோசனை சொன்னார்: எதிரே உட்கார்ந்து காட்டாதீர்கள், பக்கத்தில் ஒரே திசை பார்த்து உட்கார்ந்து காட்டுங்கள், அப்போது வலதை இடதாகத் திருப்புகிற கணக்கு ஒன்று மிச்சம். எங்கள் முசியே திரும்பி நின்று எங்களுக்கு முதுகைக் காட்டியிருந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கெல்லாம் பேர் வேற இருக்கா?" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வறுத்த வேர்க்கடலை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். காலில் வழக்கம்போல லேஸ் இல்லாத செருப்பு. பேரன் அவனிடம், "சின்னத் தாத்தா, உங்களுக்கும் கையில தண்ணி கொட்டுமா?" என்று கேட்டான். "பாதிதான் ஊத்துவேன், அப்புறம் எப்படிக் கொட்டும்?" என்றான் தம்பி. அறுபது வருஷமாக அவன் அரை டம்ளர் காபி குடிப்பதை நான் அவனுடைய சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். சொல்ல வேண்டியதை மனதில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதித் திருத்தி வைத்திருந்தேன். "திண்ணையில அந்தச் சொம்பை வச்சுக்கிட்டு நான்..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

தம்பி கடலையை உடைத்துக்கொண்டே சொன்னான்: "நீ நல்லாத்தான் செய்வே அண்ணே. அதைப் பார்த்துத்தான் நான் எப்படி நடக்கிறேன்னே எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் விடியக்காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி கடற்கரைக்குப் போவேன். அந்தப் பழைய லைட் ஹவுஸ் வரைக்கும் நடப்பேன், திரும்புவேன். ஒரு வருஷம் நடந்தேன். பாதி சரியாச்சு."

ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் நாங்கள். விடியற்காலையில் பக்கத்துப் பாய் காலியாக இருந்தது எனக்கு ஒரு நாள்கூடத் தெரியவில்லை.

பேரன் உள்ளே இருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அன்றுதான் பெடல் மாட்டியிருந்தோம். நான் எழுந்து சீட்டைப் பிடிக்கப் போனேன். "நீ விடு அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தம்பி தெருவில் இறங்கி, எதிரே போய் நிற்காமல், பிள்ளையின் பக்கத்திலேயே கோடி வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.